சுப்பையா வேலை

பிரபு,

வண்டி காய்ந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலை வரைக்கும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது, ஒரு விரல் படக் கூடாது. அதனால் இன்றைக்கு எனக்கு வேறு வேலை இல்லை. நம்ம வீட்டு வாசலில் தகரக் கொட்டாயின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கோழி ஏறாமல், எதிர்வீட்டு ஆடு வந்து உரசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் உங்கக்கா கமலா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் பேச்சில் சொல்வதை அவள் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கி எழுதுகிறாள். பக்கம் முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ரெண்டு இடத்தில் நான் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது எந்த இடம் என்று படிக்கும்போது உனக்கே தெரியும்.

எதற்கு எழுதிக்கொண்டு, போனில் பேசியே அனுப்பலாமே என்றாள். வேண்டாம் என்றேன். பேசி அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய், பிடிக்காத இடத்தில் தள்ளிவிட்டுப் போவாய். நேற்று மத்தியானம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாய். அதற்கப்புறம் நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. நீ கீழே வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும். முடித்ததும் கமலா இதைப் படம் எடுத்து உனக்கும் அனுப்புவாள், நம்ம சொந்தக்காரங்க குரூப்பிலும் போடுவாள். போடச் சொன்னது நான்தான், அவளைத் திட்டாதே. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மறைத்து வைத்ததெல்லாம் போதும்.

முந்தாநாள் ஸ்டெல்லாம்மா வந்தாங்க. பின் தெருவில் இருக்கிறவங்க, சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு வாங்கினவங்க, உனக்குத் தெரியாதவங்க இல்லை. பொங்கலுக்கு முன்னால் புதுசாக வெள்ளை வண்டி எடுத்து, நேராக உன் பாலிஷ் கடையில் கொண்டுவந்து விட்டாங்களே, அவங்கதான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரவில்லை. மூடியைக் காட்டினாங்க, அதுதான் நீங்கள் பானெட்டு என்கிறது. அது நெடுக மிளகாய்த்தூள் தெளித்த மாதிரி செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. கையால் தடவினேன். சொரசொரவென்று இருந்தது. இந்தப் பக்கத்து ஆளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனிகளில் இருந்து வருகிற தூள். காற்றோடு வந்து உட்காரும், பனியில் நனைந்து துருப்பிடிக்கும், பெயிண்டுக்குள் வேர் விடும். கொடியில் காயப்போட்ட வேட்டியிலேயே புள்ளி வைக்கிற தூள் காரை விடுமா?

அவங்க சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கடைக்குத்தான் அண்ணே மொதல்ல போனேன். உங்க பையன், வெயிலு மேடம், வெயிலுக்கு அப்பிடித்தான் ஆவும்ன்னாரு. சரின்னு திரும்பி வரச்சொல்ல மேல பார்த்தேன். போர்டுல உங்க மொகம் இருந்துது. அந்த மொகத்தப் பார்த்துதான் வண்டிய உட்டேன். அதான் மொகத்தாண்டயே வந்துட்டேன்" என்றாங்க. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டாங்க.

நான் அப்போதும் உன்னைச் சந்தேகப்படவில்லை. அடியில் பெயிண்டைக் காக்கிற சீலண்ட்டு போட்டு, அது காய்ந்தபின் மேலே பளபளப்புக்கு வேக்ஸ் மெழுகு போட்ட வண்டியில் தூள் இவ்வளவு சீக்கிரம் இறங்காது, ஆனாலும் ஏதோ காரணம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். அதனால் சோதித்தேன். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணியைக் கரைத்து வண்டி முழுக்கக் கழுவினேன். உங்கம்மா வாசலில் நின்றுகொண்டு, "கல்யாணத்த வெச்சிக்கினு அவனவன் ஊட்டுக்கு வெள்ள அடிக்கிறான், இந்தாளு ஊராங்க காருக்கு எண்ணெப் பிசுக்கு எடுக்கிறாரு" என்றாள். அந்தச் சோப்பு மேலே இருக்கிற வேக்ஸைத்தான் எடுக்கும், அடியில் சீலண்ட்டு இருந்தால் அதைச் சட்டென்று ஒன்றும் செய்யாது. கழுவின பிறகு குழாயைத் திறந்து தண்ணி விட்டேன். அடியில் பூச்சு இருந்திருந்தால் தண்ணி அப்போதும் உருண்டு ஓடியிருக்கும். ஓடவில்லை. சிமெண்டுத் தரையில் கொட்டின மாதிரி அகலமாகப் பரவி, சோம்பேறித்தனமாக வழிந்தது. மூடி, கூரை, கதவு, எங்கும் அப்படித்தான். நாலு தடவை விட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை விடும்போது உங்கம்மாகூடப் படியிறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

நேற்றுக் காலை பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். நீ பெண் வீட்டுக்காரங்களோடு உன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தாய். என்னிடம் இருக்கிற சாவியால் ஷட்டரைத் திறந்தேன். திறந்ததும் அந்த வேக்ஸ் வாசனை வந்து முகத்தில் அடித்தது. தேங்காய் மிட்டாயும் வாழைப்பழமும் சேர்ந்த மாதிரி ஒரு தித்திப்பு. ஏதோ தூர தேசத்துப் பனை ஓலையில் இருந்து சுரண்டி எடுக்கிற மெழுகு என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் எனக்கு அந்த வாசனை பிடிக்கும். நேற்று குமட்டிக்கொண்டு வந்தது. மூலையில் காலி வேக்ஸ் டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அலமாரித் தட்டின்மேல் சீலண்ட்டு டின் ஒன்றே ஒன்று இருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த டின்னில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் நான் எழுதினதை எனக்குப் படிக்கத் தெரியும். போன ஆயுத பூஜைக்கு நீ கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் என்னைப் பொட்டு வைக்கச் சொன்னாய். பாலிஷ் மெஷினுக்கு வைத்தேன், தண்ணி பம்புக்கு வைத்தேன், டின்களுக்கு வைத்தேன். அந்தச் சீலண்ட்டு டின்னில், மூடியும் டின்னும் சேருகிற விளிம்பின்மேல், சந்தனத்தைக் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். பாதி மூடியில், பாதி டின்னில். திறந்தால் உடையத்தான் செய்யும், உடையட்டும், அது வேலை செய்ததற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தேன். நேற்று அந்தப் பொட்டு முழுசாக இருந்தது. காய்ந்து, தூசு படிந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஆயுத பூஜையில் இருந்து இந்த வைகாசி வரைக்கும் எத்தனை வண்டி வந்து போயிருக்கும் உன் கடைக்கு. அத்தனை பேரிடமும் ரெண்டு பூச்சு என்று சொன்னாய். ஒரு வண்டிக்குக்கூட நீ அந்த மூடியைத் திறக்கவில்லை.

கடை வாசலில் இருந்தே உனக்குப் போன் செய்தேன். நீ மழுப்பவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. அதற்காக உன்னை மெச்சலாமா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. "இன்னா நைனா இப்போ? தண்ணி ஊத்துனா முத்து முத்தா நிக்குது. கஸ்டமரு அத வீடியோ எடுத்துக்கினு சந்தோஷமா போறான். அடியில இன்னா இருக்குதுன்னு எவன் தோண்டிப் பாக்கப்போறான்?" என்றாய். சீலண்ட்டு போட்டால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், அதுவரைக்கும் வண்டியை ஷெட்டில் வைத்துக்கொண்டு இருந்தால் அடுத்த வண்டியை எங்கே விடுவது, உன் தலைமேலா என்று கேட்டாய். நான் வாய் தவறிச் சொன்னேன், வழக்கத்தில் வந்துவிட்டது. "இது சுப்பையா வேலடா" என்றேன். நீ சிரித்தாய். "ஆமா நைனா, சுப்பையா வேலதான். நம்ம ஊட்ல யாருக்குத் தெரியாத வேல?" என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

எனக்குக் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. கோபம் வந்தால் கத்துவேன், இறங்கிவிடும். இது அப்படி இல்லை. சாப்பிட்டு முடித்தபிறகு தட்டின் அடியில் செத்த பல்லியைப் பார்த்த மாதிரி இருந்தது. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. உன்னை நினைத்து ஒரு பங்கு. மிச்சம் அந்தச் சிரிப்பை நினைத்து. ஏன் என்றால் அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. உனக்கு நான் கற்றுக்கொடுத்தது.

நம்ம வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால் சுப்பையா வேலை. கமலா பாவாடையைக் கோணலாகத் தைத்தால் சுப்பையா வேலை. உன் சைக்கிள் செயின் மறுபடி மறுபடி கழன்றபோது, எந்தச் சுப்பையா மாட்டினான் என்று நான்தான் கேட்டேன். உங்களுக்கெல்லாம் அந்தக் கதை தெரியும். நான் சிப்காட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் வண்டி துடைக்கிற வேலையில் இருந்தபோது என்னோடு சுப்பையா என்று ஒரு ஆள் இருந்தார், தடா பக்கத்துத் தெலுங்குக்காரர், முதலாளியின் புது வண்டிக்கு வேக்ஸை முதலில் போட்டு அதன்மேல் சீலண்ட்டைப் போட்டுக் கெடுத்தார், வேலை போயிற்று. இந்தக் கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லியிருக்கிறேன். அவர் தமிழில் திணறுகிற மாதிரி பேசிக் காட்டியிருக்கிறேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாய். இப்போது கமலா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதம்மா என்று சொல்லியிருக்கிறேன். அதைச் செய்தது சுப்பையா இல்லை. நான்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி வெளிநாடு போய்வரும்போது இந்த டின்களைக் கொண்டுவருவார். அப்போது இங்கே கடையில் எல்லாம் கிடைக்காது. நீலம் அடியில் போடுவது, மஞ்சள் மேலே போடுவது என்று எங்கள் ரெண்டு பேருக்கும் காட்டிக்கொடுத்திருந்தார். எனக்கும் எழுத்துத் தெரியாது, சுப்பையாவுக்கும் தெரியாது. ஆனால் சுப்பையா ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் எடுப்பார். தித்திப்பாக இருந்தால் மெழுகு, மூக்கில் ஏறினால் சீலண்ட்டு. நான் அவரைக் கேலி செய்வேன், "இன்னாய்யா கொழம்பு ருசி பாக்கிறியா" என்று. ஒரு தடவை புது டின்கள் வந்தன. கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றிவிட்டான் போல. அன்றைக்கு முதலாளி புது வண்டி எடுத்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை. ராகு காலம் வருவதற்குள் கோயிலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. சுப்பையா பின் பக்கத்துக் கொட்டாயில் வேறொரு வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் நீலத்தைத் திறந்தேன், பூசினேன், துடைத்தேன். மஞ்சளைத் திறந்தேன், பூசினேன். துணி வழுக்கவில்லை. பூச்சு பிடிக்காமல், அழுக்கு உருண்டு வருகிற மாதிரி திரண்டு திரண்டு வந்தது. அப்போதுதான் துணியை மோந்தேன். தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

மெழுகின்மேல் சீலண்ட்டு பிடிக்காது. அது பெயிண்டைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். மெழுகு நடுவில் இருந்தால் எண்ணெய்த் தரையில் நிற்கிற மாதிரிதான். சரி செய்ய வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சோப்புப் போட்டு எடுத்துவிட்டு, முதலில் இருந்து சீலண்ட்டு போட்டு, ஒரு நாள் காயவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பூஜை தவறும். நான் முதலாளியிடம் போய், அய்யா டின்னு மாறிப்போச்சு, எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொல்ல வெட்கம். அதனால் அதன்மேல் இன்னொரு கை மெழுகைத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று இருந்தது. தண்ணி தெளித்தேன். முத்து முத்தாக நின்றது. நீ நேற்று சொன்னாயே, அதே முத்து. சுப்பையா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டி நல்லா வந்துகீது என்று சொல்லி, கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த கொஞ்சம் மெழுகைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். அவ்வளவுதான் அந்த வண்டியில் அவர் செய்தது.

கோயிலில் வண்டி மூடியின்மேல் மஞ்சளும் குங்குமமும் பூசினாங்க, கற்பூரம் காட்டினாங்க. திரும்பி வந்தபிறகு மஞ்சள் கறை போகவே இல்லை. ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, இரும்புத் தூள் இறங்கி வண்டி முழுக்கத் துருப்புள்ளி. ஸ்டெல்லாம்மா வண்டியில் பார்த்தேனே, அதே மாதிரி. முதலாளி எங்கள் ரெண்டு பேரையும் நிறுத்தி வைத்து, யார் செய்தது என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை பிரபு. இதை நன்றாகக் கவனி. "சுப்பையாதான் சார் கடைசியா தொடச்சாரு" என்றேன். அது உண்மைதான். கடைசியாகத் துடைத்தது அவர்தான். உண்மையை வைத்தே ஒரு ஆளை அழிக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சுப்பையா என்னைப் பார்த்தார், அப்புறம் முதலாளியைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் இதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு மனிதன் பயத்தில் செய்தான் என்று விட்டுவிடலாம். உனக்கு மொட்டை அடிக்க ஒரு ஆடி மாதத்தில் பெரியபாளையத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். உங்கம்மாவும் கமலாவும் வேப்பிலை கட்டிக்கொண்டு பிரகாரம் சுற்றப் போயிருந்தார்கள். நான் எலுமிச்சம்பழம் வாங்க ஒரு கடையில் நின்றேன். பழத்தை எடுத்துக் கொடுத்த கை சுப்பையாவின் கை. அவர் உன் மொட்டைத் தலையைத் தடவி, "நீ கொடுக்கா?" என்று கேட்டார். உன் பையனா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பழங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம், "அன்னிக்கே தெரியும் நைனா. உன் துணி கயிறுல காஞ்சிக்கினு இருந்துது. மோந்து பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணா வாசன வந்துது" என்றார். அப்புறம் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்கு அப்போதான் புள்ள பொறந்து இருந்துச்சி இல்ல" என்றார். அந்தப் பிள்ளை நீ.

அன்றைக்கு வாங்கின பழத்தைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். சரி, அதோடாவது வாயை மூடினேனா? இல்லை. அடுத்த தீபாவளிக்கு உங்க சித்தப்பா, "அண்ணே, அந்தச் சுப்பையா கதைய சொல்லு" என்றான். நான் சொன்னேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து இத்தனை வருஷம் சொன்னேன், சிரித்தேன், பேசிக் காட்டினேன். மூச்சுவிடாமல் என்னைக் காப்பாற்றின மனிதனின் பேரை எடுத்து, கெட்டுப்போன வேலைக்கெல்லாம் பேராக வைத்தேன். அதை என் பிள்ளைகளின் வாயிலும் ஊட்டினேன். உன் கடையில் குமட்டியது என்று சொன்னேன் அல்லவா, அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ரெண்டு நாற்றமும் ஒரே டின்னில் இருந்து வருகிறது.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எப்போது தோன்றியது தெரியுமா? நேற்று உன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு ரோட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே போர்டு. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதில் இருப்பது எனக்கு மனப்பாடம். திறப்பு விழா அன்றைக்கு நீ என் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டினாய். நைனா கார் பாலிஷ். பக்கத்தில் என் முகம், மீசையெல்லாம் கறுப்பாக்கி. அன்றைக்கு நான் அழுதேன், நீ பார்த்தாய். நேற்று அதே போர்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. இன்னும் ரெண்டு மழை போகட்டும். நீ ஏமாற்றின வண்டியெல்லாம் ஒவ்வொன்றாகப் புள்ளி விடும். பார்க்கிறவனெல்லாம் எங்கே செய்தாய் என்று வண்டிக்காரனைக் கேட்பான். கும்மிடிப்பூண்டியில் இருந்து பெரியபாளையம் வரைக்கும் கெட்டுப்போன பாலிஷைப் பார்த்தால் ஜனங்கள் ஒரு பேர் சொல்வாங்க. நைனா வேலை என்பாங்க. செய்தது நீ, பேர் என்னுடையது. நான் சுப்பையாவுக்குச் செய்ததை நீ எனக்குச் செய்திருக்கிறாய், உனக்கே தெரியாமல். எனக்கு இது வர வேண்டியதுதான். ஆனால் ஸ்டெல்லாம்மாவுக்கு எதற்கு?

பெண் வீட்டில் நிச்சயத்தன்று உன் மாமனார் என்னிடம் தனியாகக் கேட்டார், பையன் தொழிலில் எப்படி என்று. "கை சுத்தமான கை" என்றேன். நான் போதும் போதும் என்கிற அளவுக்கு அடுத்தவர் பேரைக் கெடுத்தவன், இந்த ஒன்றையாவது உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது பத்திரிகையில் உன் பேருக்குக் கீழே கடையின் பேரையும் அச்சடித்து வைத்திருக்கிறாய். அந்தப் பெண் எந்தப் பேரை நம்பி வருகிறாள் என்று யோசி. கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று நான் மிரட்டவில்லை. வருவேன், தாரை வார்க்கும்போது பக்கத்தில் நிற்பேன். உன் மாமனார் கண்ணைப் பார்த்து நிற்பேனா, தரையைப் பார்த்து நிற்பேனா என்பது மட்டும்தான் இனி உன் கையில் இருக்கிறது.

நேற்று அந்த டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்டெல்லாம்மா வண்டியைக் கழுவித் துருவெடுக்கிற மருந்து போட்டேன். பாலிஷ் வேலைக்கென்று விற்கிற களிமண் கட்டியைப் பிசைந்து தடவித் தடவி எடுத்தேன். முட்டி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க உங்கம்மா கை கொடுக்க வேண்டியிருக்கிறது, அது வேறு. எல்லாம் போயிற்று, மூடியில் ரெண்டு புள்ளி மட்டும் போகவில்லை. பெயிண்டைத் தின்றுவிட்டது. அந்த ரெண்டையும் ஸ்டெல்லாம்மாவுக்குக் காட்டிச் சொல்லிவிடுவேன், மறைக்க மாட்டேன். அப்புறம் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பொட்டை என் நகத்தால் கீறி உடைத்தேன். நீ உடைத்திருக்க வேண்டியது. மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தேன். மூக்கில் ஏறியது. சுப்பையா மாதிரியே திரும்ப ஒரு தடவை மோந்தேன். மெல்லிசாகப் பூசினேன், வெளுத்ததும் துடைத்தேன். இப்போது காய்கிறது.

வேக்ஸ் டப்பா உன்னிடம்தான் இருக்கிறது. ஸ்டெல்லாம்மா நாளைக்குப் பத்து மணிக்கு வருவாங்க. அதற்கு முன்னால் வந்தால் மேல் பூச்சை நீ போடு. அவங்களிடம் என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். யார் கடைசியாகத் துடைத்தது என்று சொல்லாதே, யார் செய்தது என்று சொல். அப்புறம் ஆயுத பூஜையில் இருந்து வந்த வண்டிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவைத்துச் செய்து கொடு. ஷெட்டில் இடம் இல்லை என்றால் நம்ம கொட்டாய் இருக்கிறது, காவலுக்கு நான் இருக்கிறேன். அதைச் செய்வதாக இருந்தால் போர்டு இருக்கட்டும். இல்லை என்றால் என் முகத்தையும் அந்தப் பேரையும் இறக்கிவிடு, உன் பேரை எழுதி மாட்டிக்கொள். நீ வராவிட்டாலும் நாளைக்கு வண்டியைக் கொடுத்துவிடுவேன். கொஞ்சம் பளபளப்பு கம்மியாக இருக்கும், அவ்வளவுதான். பளபளப்பு மேலே இருப்பது. தூளைத் தடுப்பது அடியில் இருப்பது. அது வண்டியில் இருக்கிறது.

சுப்பையா இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாது. அந்த எலுமிச்சம்பழக் கடையில் அப்புறம் வேறு ஆள்தான் இருந்தார். இனிமேல் நம்ம வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. குழம்பு தீய்ந்தால் தீய்ந்துபோயிற்று என்று சொல்லுங்கள். பேர் வேண்டும் என்றால் என் பேரைச் சொல்லுங்கள்.

கீழே என்ன போடட்டும், உங்க நைனா என்றா, என்று கமலா கேட்கிறாள். ஒன்றும் எழுதாதே என்று சொல்லிவிட்டேன். யார் செய்தது என்று முதலாளி கேட்ட அன்றைக்கு நான் வைத்திருக்க வேண்டியதை இப்போது வைக்கிறேன். பேனாவின் மையைக் கட்டைவிரலில் தடவச் சொல்லியிருக்கிறேன். இந்தக் காகிதத்தில் அமுக்கிவிட்டு, விரலைச் சுத்தமாகத் துடைத்தபிறகுதான் வண்டிப் பக்கம் போவேன்.

இன்னும் காயவில்லை. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.